நனைந்த தோலுக்குச் சூடு ஆகாது

அன்று மாலை ஆறு மணிக்கு மழை விட்டது. தம்பி சொட்டச் சொட்ட வந்து நின்றான். பைக்கில் போகிறவனுக்கு மழை புதிதல்ல. தோல் ஜாக்கெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனான். எப்போதும் அப்படித்தான்.

நனைந்த தோலை அவசரப்படுத்தக் கூடாது. பழைய துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. கைகளுக்குள் காகிதம் திணித்து, அகலமான ஹேங்கரில் மாட்டி, காற்றாட விட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு தோலுக்குப் போடும் களிம்பை விரல் நுனியால் வட்டமாகத் தடவ வேண்டும். சூடு மட்டும் பக்கத்தில் வரக் கூடாது. சூடு பட்டால் தோலின் எண்ணெய்ப் பசை போய்விடும். பார்க்க அப்படியே இருக்கும். இழுத்தால் கிழியும்.

எனக்குச் சலவைக்கடையில் வேலை. சூட்டைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா போன பிறகு அவனை வளர்த்ததும் நான்தான், அந்த ஜாக்கெட்டை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அதைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை விழுந்திருக்கிறான். இரண்டு முறையும் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து வந்தான். கீறல் ஜாக்கெட்டில் மட்டும்தான்.

சாப்பிடும்போது சொன்னான்.

"அக்கா, வேற ஊர்ல வேலை கெடைச்சிருக்கு. மாசக் கடைசில பைக்கிலயே கெளம்பிடுறேன்."

"நல்லது."

"ஜாக்கெட்ட எப்படிக் காய வைக்கணும்னு சொல்லிக் குடு. இனிமே நானே பாத்துக்கணும்ல? உன்ன விட்டா அதுக்குத் தாலாட்டே பாடுவ."

சிரித்தான். நானும் சிரித்தேன். அன்றே எல்லாம் சொல்லிக் கொடுத்தேன், சூடு ஆகாது என்பது உட்பட. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஐயா.

கடையில் பெரிய ஃபேன் இருக்கிறது என்று அவனிடம் சொல்லிவிட்டு ஜாக்கெட்டை எடுத்துப் போனேன். போர்வைகளைக் காய வைக்கும் சூட்டறையில் தொங்கவிட்டேன். இஸ்திரி போடும் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, தோலைப் போய் இங்க மாட்டியிருக்க? கருவாடாயிடும்."

"அவசரம்ண்ணே."

அவர் உங்களிடம் சொன்னது சரிதான். ஒரு தடவை காய்ந்ததும் மறுபடி நனைத்து மறுபடி தொங்கவிட்டேன். அவன் கிளம்பும்வரை அப்படித்தான். கடைசியில் களிம்பை நிறையத் தடவினேன். புதிதுபோல் பளபளத்தது. போட்டுப் பார்த்துவிட்டு, "நீ நீதான்க்கா" என்றான்.

அவனை நான் தள்ளவில்லை. பிரேக்கைத் தொடவில்லை. யானைக்கும் அடி சறுக்கும். என்றாவது விழுவான் என்று தெரியும். இந்த முறை உடனே எழுந்து வரக் கூடாது, அவ்வளவுதான் நினைத்தேன். கிளம்பிய அன்றே மழை. ஊரைத் தாண்டுவதற்குள் ஒரு வளைவில் விழுந்தான். முன்பு விழுந்த மாதிரியேதான் விழுந்தான். ஜாக்கெட் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்துவிட்டது. மீதித் தூரம் சொந்தத் தோலில் சறுக்கிப் போனான்.

இப்போது வலது கை மடங்குவதில்லை. ஆக்ஸிலேட்டரைப் பிடிக்க முடியாது, ஸ்பூனையும். வேலை வேறு யாருக்கோ போயிற்று. தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டியிருக்கிறார்கள். அதை ஒற்ற வேண்டும்; தேய்க்கக் கூடாது. வெயில் ஆகாது. களிம்பை விரல் நுனியால் வட்டமாகத் தடவ வேண்டும். நர்ஸ் சொல்லித்தர வந்தாள், நான் செய்வதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நான் எதுக்கு?" என்று போய்விட்டாள்.

என்னைப்போல் அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போவதானால் நாளைக்கு இருக்கட்டும். சாயங்காலம் களிம்பு தடவ வேண்டும்.

நேற்று அந்த ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். இடது கையால் ஓரத்தைப் பிடித்து மடக்கினான். காய்ந்த ரொட்டிபோல் முறிந்தது. முறிந்த துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டான்.

"சூடு ஆகாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதானக்கா?"