முன் இருக்கை

நோர்வேயில் மலைக்குப் போகிற யாரும் தண்ணீர் காவிக்கொண்டு போவதில்லை. சின்னப் போத்தல் ஒன்று போதும். வழியில் ஓடை வரும், குனிந்து நிரப்பிக் குடிக்கலாம். பொலிஸ்காரரான நீங்களும் அப்படித்தான் போவீர்கள். ஆகவே றெஜினோல்டை மடையன் என்று யாரும் சொல்லக்கூடாது.

நிதுசன் என் சிநேகிதன். ஒஸ்லோவில் பாலர் பாடசாலையிலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள் நாங்கள். அவன் கார் ஓடினால் பக்கத்து இருக்கை எனக்குத்தான். வழி சொல்வதும் பாட்டுப் போடுவதும் என் வேலை. அமெரிக்கப் பாலைவனப் பள்ளத்தாக்குகளைக் காரில் சுற்ற வேண்டும் என்பது நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் போட்ட திட்டம். அதற்குள் திராமன் நகரிலிருந்து நேற்று வந்து ஒட்டிக்கொண்ட றெஜினோல்டையும் அவன் கூட்டிவந்தான்.

வாடகைக் காரை எடுத்ததும் றெஜினோல்ட் முன்னால் ஏறிக்கொண்டான்.

"நீ பின்னுக்கு இரு மச்சான், காலை நீட்டலாம்," என்றான் நிதுசன்.

பைகளோடும் தண்ணீர்க் கலன்களோடும் பின்னால் இருந்தேன். இரண்டு பக்கமும் செம்மலைகள். எனக்கு விளங்காத ஏதோ பகிடிக்கு அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன பயன்?

ஒருநாள் நிதுசன் காய்ச்சலோடு விடுதியில் படுத்துவிட்டான். நானும் றெஜினோல்டும் மட்டும் பள்ளத்தாக்குக்குப் போனோம். அவன் கழிப்பறைக்குப் போயிருந்தபோது, பள்ளத்தாக்கு வாசலில் காவல் அறையில் இருந்த பெண் என்னிடம் சொன்னாள்: கீழே ஓடை வற்றிவிட்டது, தண்ணீர் நிறையக் கொண்டு போங்கள்.

அவன் வந்து வரைபடத்தை விரித்தான். "கீழை தண்ணி இருக்கோ?"

"நீலக் கோடு போட்டிருக்கெல்லோ," என்றேன்.

அது பொய்யில்லை. கோடு இருந்தது. எனக்குக் கால் நோவதாகச் சொன்னேன். அவன் சின்னப் போத்தலோடு தனியாக இறங்கினான். நான் காரில் குளிரூட்டியைப் போட்டு முன் இருக்கையில் சாய்ந்துகொண்டேன். தண்ணீர்க் கலன்கள் பின்னால் கிடந்தன.

பொழுதுபட்டும் அவன் ஏறி வரவில்லை. நான் விடுதிக்குத் திரும்பினேன்.

"அவன் எங்கை?" என்று நிதுசன் பதறினான். "ஆக்களைத் தேடச் சொல்லுவமோ?"

"கீழையே படுத்திட்டு நாளைக்கு வாறன் எண்டவன்," என்றேன். நிதுசன் என்னை நம்பினான். சின்ன வயதிலிருந்தே அவன் நம்புவது என்னைத்தான். மறுநாள் மத்தியானம் காய்ந்த ஓடையில் றெஜினோல்டின் உடலைக் கண்டெடுத்தார்கள். மண்ணைக் கையால் தோண்டியிருந்தானாம்.

விமான நிலையத்துக்குத் திரும்பும்போது நிதுசனுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். பாட்டுப் போட்டேன். அவன் நிறுத்தச் சொல்லவில்லை.

காவல் அறைப் பெண் என்னிடம் சொன்னதை ஞாபகம் வைத்திருந்து நிதுசனுக்கு எழுதியிருக்கிறாள். அவன்தான் உங்களிடம் வந்து சொன்னான். எனக்குக் கோபமில்லை, துக்கத்தில் செய்துவிட்டான். எல்லாம் சொல்லிவிட்டேன்தானே, இனிப் போகலாமா? நிதுசன் காரோடு வெளியே நிற்பான். முன்னால் இடம் இருக்கும்.