கயிறு பிடித்தவன்

ஐயா,

ஒரு கேமை ஆடலாமா வேண்டாமா என்று நான் அதன் கதையை வைத்துத்தான் முடிவு செய்வேன். சண்டை எல்லாவற்றிலும் ஒன்றுதான். கூட வருகிறவன் மேல் நமக்குப் பாசம் வர வேண்டும். வராவிட்டால் அது வெறும் விரல் வலி. இதை முதலில் சொன்னால்தான் மற்றது உங்களுக்குப் புரியும்.

திருவொற்றியூரில் நானும் ஜெரியும் ஒரே அறையில் இருந்தோம். அவன் ராயபுரத்துக்காரன், அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவன். எனக்குப் பள்ளிப்பட்டு. இருவருக்கும் மணலியில் ஒரு காண்டிராக்டரிடம் ரசாயனத் தொட்டி கழுவுகிற வேலை. ஒருவன் இடுப்பில் பெல்ட் மாட்டி உள்ளே இறங்குவான். மற்றவன் தொட்டி வாயருகே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். உள்ளே மூச்சு முட்டினால் கயிற்றை இரண்டு தரம் சுண்டுவான். கப்பி இருப்பதால் ஒரே ஆள் மேலே இழுத்துவிடலாம். இன்று இறங்கியவன் நாளை கயிறு பிடிப்பான்.

நான் சொல்ல வந்த கேமை முதலில் ஆடியது ஜெரிதான், அவன் லேப்டாப்பில். கதை தேறுமா என்று கேட்டேன்.

"இன்னா மாமு இப்டி கேட்டுட்ட? கூடவே ஒரு நொண்டி வைத்தியன் வர்றான் பாரு, அவனுக்காகவே ஆடலாம்."

அவன் சொன்னது சரி. அந்த வைத்தியன் தன் சாப்பாட்டை நமக்குப் பாதி கொடுப்பான். நமக்குக் காயம் பட்டால் அவன் முகம் சுருங்கும். பிறகு ஒரு சுரங்கம் வரும். வைத்தியன் மூலிகைக்காக உள்ளே இறங்குவான், நாம் கயிறு பிடிக்க வேண்டும். ஓநாய்கள் சூழ்ந்துகொள்ளும். கயிற்றை விட்டு ஓடினால் உயிரும் அவன் மருந்துப் பையும் நமக்கு. விடாமல் நின்றால் ஒரு கை போய்விடும். நான் நின்றேன். கை போனது. சந்தோஷமாக ஜெரியிடம் சொன்னேன்.

அவன் சிரித்தான். "லூஸா நீ? நான் கயித்த வுட்டுட்டு ஓடிட்டேன். பை கெட்ச்சிது, செம மருந்து."

"அவனுக்காகவே ஆடலாம்னு சொன்னியே?"

"அட, அது கேமு மாமு. இதுக்குப் போயி மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற!"

பழகிய இத்தனை காலமும் அவனை நான் தப்பாக எடைபோட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. யாரும் பார்க்காத இடத்தில் ஒருவன் செய்வதுதானே அவன் குணம்?

மறுநாள் இறங்கும் முறை அவனுடையது. அதற்கு அடுத்த நாள் நான் உள்ளே, அவன் கையில் என் கயிறு. வேறு ஆளைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். மேஸ்திரியிடம் என்ன காரணம் சொல்வது? கேமில் ஒரு வைத்தியனைக் கைவிட்டான் என்றா? சிரிப்பார்கள்.

பெல்ட்டை மாட்டும்போது ஜெரி என் தோளில் தட்டினான். "நீ மேல நின்னா எனக்கு பேஜாரே இல்ல மாமு. கேமுலயே கயித்த வுடாதவன் நீ."

கொஞ்ச நேரத்தில் கயிறு இரண்டு தரம் சுண்டியது. பிறகு மறுபடியும். நான் கயிற்றை விட்டுவிடவில்லை, ஐயா. அதைக் கம்பியில் ஒழுங்காகக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீ சூடாக இருந்தது, ஆறட்டும் என்று காத்திருந்தேன். திரும்பி வந்தபோது கயிறு அசையாமல் தொங்கியது. அதன் பிறகுதான் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். கயிறு கையிலிருந்து வழுக்கிவிட்டது என்று விசாரணையில் உங்களிடம் முன்பு சொன்னது பொய்.

அடக்கம் முடிந்து அவன் அம்மா லேப்டாப்பைக் கேட்டார்கள். கொடுப்பதற்கு முன் அவன் கேமை எங்கே நிறுத்தியிருக்கிறான் என்று திறந்து பார்த்தேன். சாவதற்கு முந்தின ராத்திரி, நான் தூங்கிய பிறகு, அவன் சுரங்கத்துக்கு முன்னாலிருந்து மறுபடியும் ஆடியிருக்கிறான். நெருப்பருகே வைத்தியன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஜெரியின் ஆள், ஒரு கை இல்லாமல்.

கதையில் அது ஒரு குறை என்பேன். ஒரு தரம் செய்ததை மாற்றிக்கொள்ள விடுகிற கதை என்ன கதை? அந்த கேமை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஜெரி மேலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. திரும்பிப் போய்க் கயிறு பிடித்ததை அவன் காலையிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாம். கூடப் பழகியவனிடம் அதை மறைத்துவிட்டான். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்படிக்கு,
சுயம்பு