கான்டசாவுக்கு நான் போட்ட முன் ஸ்பிரிங்

என் பெயர் மருதாசலம், வயது 56, தகப்பனார் பெயர் ஆண்டி. நாமக்கல் பரமத்தி ரோட்டில் குடியிருந்துகொண்டு, அங்கேயே லாரிகளுக்கு ஸ்பிரிங் கட்டும் பட்டறை வைத்து முப்பத்தொரு வருடமாகத் தொழில் செய்து வருகிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. இன்று காலை நானாகவே பஸ் ஏறி இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து சொல்வது என்னவென்றால்:

ஆட்டையாம்பட்டியில் ஜவுளி வியாபாரம் செய்யும் குமரகுரு என்பவரை எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். அவரிடம் 1991 மாடல் பெட்ரோல் கான்டசா கார் ஒன்று உள்ளது. பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிக் கழுவித் துடைக்க மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு முன் முன்பக்க ஸ்பிரிங் தொங்கிவிட்டதென்று காரை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். இதே கார் வைத்திருப்பவர்கள் ஓட்டிப் பார்த்து எழுதியதென்று ஒரு தாளும் கொண்டுவந்தார். அதில் மூன்று விதம் இருப்பதாக அவரே படித்துச் சொன்னார். ஒன்று கம்பெனியில் வந்த பலம், இன்னொன்று அதைவிடச் சற்றுக் கெட்டி, மூன்றாவது கனமான டீசல் இஞ்சின் வண்டிக்கு உண்டானது. இரண்டாவதைப் போடச் சொன்னார். அது வெளியூரிலிருந்து வர இருபது நாள் ஆகும். மூன்றாவது நாமக்கல்லிலேயே கிடைத்தது. அதன் பிறகு நான் அதை வாங்கி வந்து அவர் முன் வைத்தேன்.

"ஏனுங்ணா, என்னுது பெட்ரோல் வண்டிங்க, முன்னாடி எடை கம்மி. இது ரொம்பக் கெட்டியாப் போயிருமுங்களே" என்று கேட்டார்.

"ஸ்பிரிங் கெட்டியா இருந்து எந்த வண்டி கெட்டுச்சுங்க தம்பி? தொங்குனாத்தான் மானக்கேடு" என்றேன்.

எங்கள் தொழிலில் அப்படித்தான். லோடு ஏற்றிய லாரி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் எடை மேடையில் நிற்கிறவன்கூட யார் கட்டிய ஸ்பிரிங் என்று கேட்பான். கெட்டியாக இருக்கிறதென்று இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அதன் பிறகு ஸ்பிரிங்கை மாட்டி, லாரிக்குச் செய்வதுபோலவே லோடு வைத்துப் பார்த்தேன். முன் சீட்டில் இரண்டும் பின் சீட்டில் நான்கும் மணல் மூட்டை ஏற்றி பைபாஸில் ஓட்டியதில் வண்டி அசையவில்லை. காலியாக ஓட்டிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு பள்ளம் மேட்டில் வண்டியின் மூக்கு துள்ளுகிறதென்று குமரகுரு இரண்டு முறை வந்து சொன்னார். ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் பதிந்துவிடும் என்று முதல் முறை அனுப்பினேன். இரண்டாம் முறை, "நீங்களே ஒருக்கா வந்து பாருங்ணா" என்றதால் கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவருடன் ஏற்காடு போனேன். ஏறும்போதே துள்ளியது. மலை ரோடு அப்படித்தான் இருக்கும் என்றேன்.

இறங்கி வரும்போது கொண்டப்பநாயக்கன்பட்டிக்குச் சற்று முன்னால் உள்ள வளைவில் தார் பெயர்ந்திருந்தது. வேகம் நாற்பதுதான். மாட்டு வண்டி ஓட்டுகிறீர்களா என்று கேலி செய்யலாமென்று அப்போதுதான் மீட்டரைப் பார்த்தேன். அந்தப் பள்ளத்தில் வண்டியின் முன்பக்கம் எகிறி, முன் சக்கரங்கள் ரோட்டைப் பிடிக்கவில்லை. குமரகுரு ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பாமல் நேராகப் போய், ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்ற ராசம்மாள் என்பவர் மேல் மோதியதில் அவருடைய வலது கால் முறிந்தது. தூக்கும்போது அந்த அம்மாள் கால் வலியைச் சொல்லவில்லை. "இன்னொரு செருப்பு எங்கீங்க சாமி" என்று என்னைத்தான் கேட்டார். அதைத் தேடி எடுத்து ஆஸ்பத்திரி வரை கையில் வைத்திருந்தேன்.

அதன் பிறகு வந்த காவலரிடம் குமரகுரு, தான் வேகமாக வந்ததாகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றும் சும்மா கூட வந்தவன் என்று மட்டும் சொன்னேன். தப்பித்தோம் என்று அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அவர் மனைவி ரஞ்சனி பட்டறைக்கு வந்து, "அவரு உங்க பேர எங்கயும் சொல்லலீங்ணா. இத்தன வருசம் எடுத்த பேருங்களாம். நீங்களும் போய்ச் சொல்ல வேண்டாம்னாரு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அதன் பிறகு வந்த இரண்டு லாரிகளை வேறு பட்டறைக்கு அனுப்பிவிட்டேன். இதை மறைத்து வைத்து எனக்கு அலுத்துப் போய்விட்டது.

கார் இந்த நிலைய வாசலில்தான் நிற்கிறது. வாகன ஆய்வாளர் காலி வண்டியாக ஓட்டிப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். குமரகுரு அதிவேகமாக ஓட்டவில்லை. அந்த ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தது அவர் அல்ல, நான்.

இதை எனக்குப் படித்துக் காட்டியபோது, கார் வேலையில் போதிய அனுபவம் இல்லாததால் இந்தத் தவறு நடந்ததாக எனக்குச் சாதகமாக எழுதப்பட்டிருந்தது. அந்த வரியை அடிக்கச் சொன்னேன். அனுபவம் இல்லாதவனாக இருந்திருந்தால் அந்தத் தாளைப் படித்திருப்பேன். அவர் சொன்னதையும் கேட்டிருப்பேன்.

அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
ஆ. மருதாசலம்