சாய்த்து வைத்த கோடு

ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் தடவும் ஜெல் சில்லென்று இருக்கும். அதனால் பாட்டிலைக் கொஞ்ச நேரம் என் இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்திருந்து, அந்தச் சில்லிப்பு போன பிறகுதான் தடவுவேன். படுத்திருப்பவர் திடுக்கிட்டு வயிற்றை எக்கினால் படம் சரியாக வராது. பார்க்கவும் பாவமாக இருக்கும். விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் என்னைப் பற்றிப் பலரிடம் கேட்டிருப்பீர்கள். பொறுமைசாலி, கை பூப்போல இருக்கும் என்று சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான்.

என் வேலை இன்னதென்று சொல்லிவிடுகிறேன். இடுப்புக்குள் ஓடி இரண்டு கால்களுக்கும் ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அடைப்பு வந்தால், கொஞ்ச தூரம் நடப்பதற்குள் பின்புறமும் தொடையும் பிடித்துக்கொள்ளும். டாக்டர்கள் தொடை வழியாக உள்ளே போய், அடைத்த இடத்தை விரித்து, அது மறுபடி மூடாமலிருக்க ஸ்டென்ட் வைப்பார்கள். அதில் இரண்டு வகை. ஒன்று வெறும் கம்பிவலை. இன்னொன்று, அதே வலைமேல் மெல்லிய உறை போர்த்தியது. வெறும் வலையின் கண்கள் வழியாகச் சதை வளர்ந்து குழாயைத் திரும்ப அடைக்கலாம். உறை அதைத் தடுக்கும், ஆனால் பக்கத்தில் பிரியும் கிளைக்குழாயின் வாயையும் மூடிவிடக்கூடும். எது மேல் என்று பார்க்க எங்கள் பெரிய டாக்டர் ஓர் ஆய்வு தொடங்கினார். பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அது. பிறகு அவ்வப்போது ஸ்கேன் எடுத்து, குழாய் திறந்திருக்கிறதா, சுருங்குகிறதா என்று சொல்ல வேண்டியவள் நான்.

யாருக்கு எந்த வகை என்பது எனக்குத் தெரியக் கூடாது என்று விதி. விதி போட்டவர்கள் திரையைப் பார்த்ததில்லை. வெறும் வலை புள்ளி புள்ளியாக மின்னும். உறை போர்த்தியது கனத்த வெள்ளைக் கோடாக விடாமல் ஓடும்.

என் கணவருக்கு வைத்தது வெறும் வலை.

அச்சகத்தில் எந்திரம் ஓட்டியவர் அவர். நாள் முழுக்க நின்றே வேலை, வாயில் கேலி ஓயாது. ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று, "இனிமே என்னைப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டாக்கூட நல்ல எடை நிக்கும்" என்றார். சில மாதங்கள் நன்றாக நடந்தார். பிறகு குழாய் ஒரேயடியாக அடைத்துக்கொண்டது. பாதம் கறுத்தது, காலை எடுத்தார்கள். அப்புறம் அவர் வீடு திரும்பவில்லை.

பெரிய டாக்டர் ஆடிப்போனார். "கடைசி ஸ்கேன் வரைக்கும் நல்லா இருந்த குழாய் இப்படித் திடீர்னு மூடிக்கிச்சுன்னா, அந்த வகையையே நம்ப முடியாதேம்மா" என்றார். ஆய்வு அப்படித்தான் தொடங்கியது. என்னையே அளவெடுக்கச் சொன்னார். நானும் சரி என்றேன். வீட்டில் எனக்காகக் காத்திருக்க யாரும் இல்லை.

ஸ்கேன் திரையில் ஒரு சின்னக் கோடு உண்டு. ரத்தம் ஓடும் திசைக்கு நேராக அதைத் திருப்பி வைத்தால்தான் எந்திரம் ஓட்டத்தின் வேகத்தைச் சரியாகச் சொல்லும். குழாய் சுருங்கிய இடத்தில் வேகம் ஏறும், தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சுகிற மாதிரி. அந்தக் கோட்டை ஒரு பக்கம் சாய்த்தால் வேகம் குறைந்து தெரியும், மறுபக்கம் சாய்த்தால் கூடித் தெரியும். ஒரு குமிழைத் திருகும் வேலைதான். உறை போர்த்தியது சுருங்கியிருந்தால் குறையும் பக்கம் திருகினேன். வெறும் வலை நன்றாக இருந்தால் கூடும் பக்கம் திருகினேன். அவருக்கு வைத்ததை இனி யாருக்கும் வைக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வலை சுருங்குகிறது என்று நான் சொன்னவர்களை மறுபடி ஆபரேஷன் மேசையில் ஏற்றினார்கள். அவர்களில் ஒருவர் சலவைக்கடை அம்மா. அவருடைய குழாய் நன்றாகவே இருந்தது. அதைத் திரும்ப விரிக்கும்போது கிழிந்து, ரத்தம் வயிற்றுக்குள்ளேயே கொட்டி இறந்துபோனார். அந்த வகையை வைக்காமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காதே என்றுதான் அன்று எனக்குப் பட்டது.

பெயிண்டரை உங்களுக்குத் தெரியும். புகார் கொடுத்தது அவர் மனைவிதானே. அவருக்கு வைத்தது உறை போர்த்தியது.

"என்னக்கா, நம்ம பைப் லைன் எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் படுப்பார்.

"நல்லா இருக்கு தம்பி."

"அப்புறம் ஏங்க்கா, ஏணியில ரெண்டு படி ஏறினா கால் கல்லு மாதிரி ஆயிடுது?"

"பீடிய விட்டாத்தானே" என்றார் கதவோரம் நின்ற மனைவி. "அக்கா, நீங்களாவது நாலு வார்த்த நறுக்குன்னு கேளுங்க."

"இவ வேற. நீங்க உள்ள பாத்துச் சொல்றீங்க, இவ வாசல்ல நின்னே சொல்லிடுறா."

திரையில் உறைக்குள் ரத்தம் நூலாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லிட்டிருந்தது. குமிழைத் திருகினேன். "வயசாகுதில்ல தம்பி, மெதுவா ஏறுங்க" என்றேன். பிறகு அவருக்கு இடது காலை முட்டிக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. அவருடைய பழைய படங்களை வேறோர் ஆஸ்பத்திரியில் பார்த்த பெண்தான், கோடு குழாயோடு ஒட்டாமல் நிற்பதைக் கண்டுபிடித்தாள். கெட்டிக்காரி. அதன் பிறகு நீங்கள் எல்லாப் படங்களையும் எடுத்துப் பார்த்துவிட்டீர்கள். நான் எதையும் மறுக்கவில்லை. மறுக்கவும் தெம்பு வேண்டுமே.

என் கணவரின் கடைசி ஸ்கேன் படம் மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்றீர்கள். எடுத்திருந்தால்தானே கிடைக்கும்.

"கால் திரும்பவும் பிடிக்குது. உன் மெஷின்ல என்னையும் ஒரு நாள் படுக்க வையேன்" என்று அவர் சொன்னார்தான்.

"ஊர்ல இருக்கவங்க வயித்தையெல்லாம் தடவிட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தும் அதே பேச்சா?"

"அப்ப நான் ஊர்க்காரனாவே வர்றேன். வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கேன், பேரச் சொல்லிக் கூப்பிடு."

சிரித்துவிட்டேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னேன். வேறு யாரிடமாவது காட்டுங்கள் என்றால், "நீ இருக்கும்போது இன்னொருத்தி எதுக்கு?" என்பார். பாதம் சில்லிட்டபோது கம்பளி போர்த்திவிட்டேன். அவர் காலை எடுத்த அறைக்கு வெளியே பெரிய டாக்டர், "கடைசி ஸ்கேன் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார். "நல்லா இருந்துச்சு சார்" என்றேன். அவர் அதை நம்பினார். என் வார்த்தையை எல்லோரும் நம்புவார்கள்.

அது பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை. உறை போர்த்தியதை வைத்திருந்தால், நான் பார்க்காமல் விட்டிருந்தாலும் அவர் பிழைத்திருப்பார். சந்தேகம் இருந்தால் எங்கள் ஆய்வின் முடிவை எடுத்துப் பாருங்கள். அதில் தெளிவாக இருக்கிறது.