கருப்பு வெள்ளையில் வீரபத்திரன்

கேமராவ மொதல்ல பைக்குள்ள வைம்மா. பேசறதுன்னா பேசு, நிக்கறதுன்னா நில்லு, அத்த மட்டும் வெளிய எடுக்காத. அது பண்ணின வேலை போதும் எனக்கு.

மன்னிப்பெல்லாம் எதுக்கு? வந்ததுல இருந்து அதயேதான் கேட்டுக்கினு இருக்கற. இரு, இவங்கள அனுப்பிட்டு வரேன். வாங்கம்மா, இங்க கழட்டுங்க. குழந்தையோடத தனியா விடாதீங்க, உங்க செருப்புக்குள்ள சொருகுங்க. ம். இந்தாங்க டோக்கன். கோயிலுக்குள்ள தொலைச்சிடாதீங்க.

பாத்தியா? அந்தம்மா திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு போவுது பாத்தியா? என் மூஞ்சியப் பாக்குது, எதுத்தாப்புல இருக்கற பேனரப் பாக்குது, மறுபடியும் என் மூஞ்சியப் பாக்குது. திரும்பி வரும்போது செருப்பக் கால்ல மாட்டாது. கையில தூக்கிக்கினு ஓடும். நேத்து ஒருத்தன், நல்லா படிச்சவன் மாதிரி இருக்கறான், என் கையால வாங்கின ஷூவக் கொண்டுபோயி அந்தக் குழாயில கழுவறான். செத்தவன் தொட்டதாம். தூ.

இல்ல, நீ சொல்றது புரியுதும்மா. புதுசா ஒரு போட்டோ எடுத்து, தாத்தா உயிரோட நல்லா சிரிச்சிக்கினு இருக்கறாருன்னு போடற. பழசத் தூக்கிடற. அதானே? வேணாம்னு சொல்றேன் இல்ல. சிரிக்கற மூஞ்சியா இது?

உனக்கு ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு வந்தே. பேரு தீபிகான்னே. தெருவுல போறவன் வர்றவன் மூஞ்சிய எடுத்து, அவன் வாயால சொல்ற ரெண்டு வார்த்தைய அடியில எழுதி, போன்ல போடுவோம்னே. எதுக்கும்மான்னு கேட்டேன். சாதாரண ஜனங்களோட கதைய உலகத்துக்கு சொல்றோம் தாத்தான்னே. சொல்லிட்ட. உலகம் கேட்டுக்கிச்சா? கேட்டுட்டு இன்னா பண்ணுச்சு?

சந்தோஷம் எதுன்னு கேட்டே. காலையில வயிறு ஒழுங்கா போச்சுன்னா அதான் சந்தோஷம்னு சொன்னேன். சிரிச்சே. அத்தப் போட்டியா? போடல. பயம் எதுன்னு கேட்டே. ஜோடி மாறிப்போன செருப்புன்னேன். அதுவும் உனக்கு வேணாம். வீட்ல யாரு இருக்கறாங்கன்னு கேட்டே. அங்க புடிச்சே என்ன. போர் போடற லாரிக்காரன் மாதிரிம்மா நீங்கல்லாம். தண்ணி வர்ற வரைக்கும் தோண்டறது, கண்ணுல தண்ணி வந்ததும் பட்டுனு அமுக்கறது. எம் பொண்டாட்டி பூட்டா, குழம்புல உப்பு பாத்து சொல்ல ஆளில்லன்னேன். அமுக்கிட்டே. கடைசியா, வாழ்க்கையில குறை ஏதாவது இருக்குதா தாத்தான்னே. அன்னிக்கு பிரதோஷம். வரிசையில ஜனம் செருப்பக் கையில வச்சிக்கினு நிக்குது. உன்ன அனுப்பினா போதும்னு, எல்லாம் பாத்தாச்சும்மா, ஒரு குறையும் இல்லன்னு சொன்னேன்.

அந்த உப்பு பேச்சையும் இத்தையும் சேத்துப் போட்டே. போட்டது போட்டே, கலர்ல போட்டிருந்தா இன்னா? நல்ல பச்சை சட்டை போட்டுக்கினு இருந்தேன்.

ஆழமா இருக்குமா? கருப்பு வெள்ளையில போட்டா ஆழமா இருக்குமா. நீ எந்த ஊரு? அண்ணா நகரா. அதான். அந்தப் பைய மாட்டிக்கினு இந்தத் தெருவுல சும்மா ஒரு நடை போயிட்டு வா. சுவத்தப் பாத்துக்கினே போ. கருப்பு வெள்ளையில ஒரு மூஞ்சி, அடியில பேரு, அதுக்கும் அடியில ரெண்டு வரி. எங்க ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தம்தாம்மா. பால்வாடிக்குப் போற குழந்தை கூட சொல்லும். ஆள் பூட்டான்.

எங்க ஜனம் அத்தப் படிக்காது. படத்தப் பாக்கும், பேரப் பாக்கும், கையக் கும்பிடும். எங்க சொந்தக்காரங்களுக்கு வாட்சாப்புல ஒரு குரூப்பு இருக்குதாம். எவனோ உன் படத்த அதுல போட்டான். மொத ஒருத்தன் கும்பிடற கைய போட்டான். ஒருத்தன் போட்டா அப்புறம் எல்லாருமே போடணும், இல்லன்னா மரியாதை இல்ல. வீரபத்திரன் எப்படி செத்தான், எப்ப செத்தான், ஒருத்தன் கேக்கலையே. எனக்கு ஒரு போன் போட்டுப் பாக்கலையே. செத்தவனுக்கு எவன் போன் போடுவான்னு நீ கேப்ப. நியாயந்தான்.

நீ போட்ட மறுநாள், வெள்ளிக்கிழம காலையில, பிள்ளையார்பாளையத்துல எங்க தெரு மொனையில, கூரத்துல இருந்து ஒரு வேன் வந்து நிக்குது. நான் இட்லி வாங்கிக்கினு வரேன். எந் தங்கச்சி பொன்னியம்மாள் வேன்ல இருந்து எறங்குறா. எறங்கும்போதே மாரடிச்சிக்கினு எறங்குறா. என் அண்ணா, என் ராசா, எந்தத் தெருவுல போயி உன்னத் தேடுவேன்னு ஒப்பாரி. நான் பின்னால போயி நின்னு, இந்தத் தெருதாம்மா, நேரா வான்னு சொன்னேன். திரும்பிப் பாத்தா பாரு. அடுத்த ஒப்பாரி இன்னும் சத்தமா வந்துச்சு.

சிரிக்காத. அப்புறம் நடந்தத கேளு. அழுது முடிச்சு மூக்க சிந்திட்டு, அவளுக்கு கோவம் வந்துச்சு. சாகலன்னா சாகலன்னு சொல்லித் தொலைக்க மாட்டியாடா, பேரப் பசங்கள ஸ்கூலுக்குக் கூட அனுப்பாம இட்டுக்கினு வந்தேனேன்னு என்னத் திட்டறா. கூட வந்த எங்க பங்காளி தாவீது, சர்ச்சுக்குப் போற வேதக்காரன், பெரிய மலர் வளையம் வாங்கிக்கினு வந்திருந்தான். திரும்ப எடுத்துக்கினு போவ மனசு வரல அவனுக்கு. எங்க வீட்டு ஆணியிலயே மாட்டிட்டு, இருக்கட்டும் அண்ணா, எப்பனாலும் ஆவும்னு சொல்றான். இட்லிய அவங்களே துன்னுட்டு வேன் ஏறிட்டாங்க. ஒருத்தராவது, நல்லவேளை நீ இருக்கறயேன்னு சொல்லணும் இல்ல? யாரு சொன்னா? வந்த வேலை ஆவலயேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு போறாங்க.

இந்த பேனரு அன்னிக்கு சாயங்காலம் வந்துச்சு. நல்லாப் பாரு. என் மூஞ்சி ஒரு மூலையில இவ்ளோண்டு. அத்தவிட மூணு பங்கு பெரிசா, கையக் கூப்பிக்கினு நிக்கறான் பாரு வெள்ள சட்டை, அவன் இந்த ஏரியா ஆளு. வர்ற எலக்சன்ல நிக்கப் போறானாம். எங்கள் பகுதியின் மூத்த உழைப்பாளியாம் நானு. உயிரோட இருக்கும்போது இந்த ஸ்டாண்ட எடுறா எடுறான்னு ஆள் அனுப்பினவன் இவன்தான். நேரா போயி கேட்டேன். ஐயா, நான் சாகலைங்கன்னேன். அப்படியா, சந்தோஷம், பேனரு அடிச்சாச்சு, ஒரு ரெண்டு வாரம் இருந்துட்டுப் போவட்டும் பெருசுன்னான்.

இருப்பா, வரேன். எந்த நம்பரு? அந்தக் கோடியில இருக்குது பாரு, நீயே எடுத்துக்கோ. நான் தொடல, போ.

போன்ல என் மூஞ்சிக்குக் கீழ ஜனம் இன்னா எழுதி இருக்குதுன்னு படிச்சியா நீ? எனக்குப் படிச்சி சொன்னது அதோ பூக்கடை வச்சிருக்குதே, ஏலவார்குழலி, அதுதான். எங்கிட்ட இருக்கறது பட்டன் போனு. ஒவ்வொண்ணா படிக்குது. ஒருத்தன் அழுவற பொம்ம போடறான். ஒருத்தி, உப்பு கம்மியா போட்டு சாப்டுங்க தாத்தான்னு எழுதறா. செத்தவனுக்கு பிரஷர் பாக்கறா. ஒருத்தன் எந்த லென்சுன்னு கேக்கறான். நீயும் அதுக்கு பதில் எழுதி இருக்கற. நடுவுல ஒருத்தன், ஒரிஜினல் பட்டு நேரடி விலைக்குன்னு நம்பரு போடறான். என் பொண்டாட்டி செத்ததச் சொன்னதுக்குக் கீழ சேல விக்கறான்மா. எச்சில் எலையில நாய் வாய் வைக்கற மாதிரி ஆளுக்கு ஒரு வாய். போதும் நிறுத்துன்னு சொன்னேன். அருவருப்பா இருந்துச்சு.

குழலிக்கு மனசு கேக்கல. இவரு சாகல, உயிரோடதான் இருக்கறாருன்னு நானே எழுதறேன் அண்ணன்னு கிளம்புச்சு. வேணாம்னேன்.

ஏனா? ஏன்னா வேணாம், அவ்ளோதான்.

பேனர கிழிச்சிருக்கலாம்தான். கத்தி கூட இருக்குது, செருப்பு வாரு அறுக்கறது. கிழிக்கல. பொழப்பு போவுது, தெரியுது. நாள் முழுக்க உக்காந்தா பாதி ஸ்டாண்டு காலியாத்தான் இருக்குது. அதுக்காக நீ இப்ப அவசரமா அந்தப் போட்டோவத் தூக்காத. போன கீழ வைம்மா. சொல்றேன் வை.

தங்கச்சி அன்னிக்கு வேன் ஏறும்போது ஒண்ணு கேட்டா. ஏண்ணா, நெஜமாவே நீ பூட்டிருந்தா கொள்ளி வைக்க வேண்டியவன் எங்க இருக்கறான், யாருக்காவது தெரியுமான்னா. ஒருத்தருக்கும் தெரியாது. நம்பர மாத்திட்டான்.

இருக்கறாம்மா, ஒரு புள்ள. சிவராஜ். நீ அன்னிக்கு அத்த மட்டும் கேக்கல. கேட்டிருந்தா இந்தக் குறை இல்லன்றது வாயில வந்திருக்குமான்னு தெரியல. ஒரகடத்துல ஏதோ கம்பெனியில சூப்பர்வைசருன்னு கேள்வி. பக்கந்தான். பஸ் ஏறினா ஒரு தூக்கம் போடறதுக்குள்ள வந்துடும். கல்யாணப் பத்திரிகையில அப்பன் தொழில் வியாபாரம்னு போட்டான். இன்னா வியாபாரம்னு பொண்ணு வீட்டுக்காரங்க வந்து பாத்தாங்க. பாத்தாங்க, அவ்ளோதான். என் மானம் போச்சு, இந்த ஸ்டாண்ட விடு, இல்லன்னா என்ன விடுன்னான். அவங்கம்மா காரியம் முடிச்சிட்டுப் போனவன்தான்.

குழலி படிக்கும்போது நடுவுல அந்தப் பேரு வந்துச்சு. சிவராஜ் வி. அது யாருன்னு அதுக்குத் தெரியாது, படிச்சிக்கினே போவுது. நான் நிறுத்தி, இன்னா எழுதி இருக்கறான்னு கேட்டேன். ஒண்ணும் எழுதல அண்ண, கும்பிடற கை போட்டிருக்குதுன்னு சொல்லுச்சு. ஒண்ணே ஒண்ணு.

அப்பன் செத்தான்னு நெனச்சிக்கினு போட்டாம்மா அத்த. சேல விக்கறவனுக்கும் லென்சு கேக்கறவனுக்கும் நடுவுல. பொணம் எடுக்க வரல. யாரு தூக்கினாங்க, எங்க எரிச்சாங்கன்னு கேக்கல.

அழுவாத. நீ ஏன் அழுவற? வரிசையில நிக்கறவங்க பாக்கறாங்க பாரு.

நீ அவனுக்கு ஒண்ணும் எழுதக் கூடாது. எழுத மாட்டல்ல? புது போட்டோவும் வேணாம், பழசத் தூக்கவும் வேணாம். நீ போட்டது வியாழக்கிழம. அன்னில இருந்து எண்ணிக்கினா வர்ற வெள்ளிக்கிழமையோட பதினாறு. எங்க ஜனத்துல பொணம் எடுக்க வராதவன் கூட பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்துடுவான். அதுக்கும் வரலன்னா அவன் மனுஷனே இல்லன்னு ஊரு பேசும், அந்த பயமாவது இருக்கும். வெள்ளிக்கிழம நான் ஸ்டாண்டு தொறக்கல. வீட்லதான் இருப்பேன்.

வந்தா பாப்பேன். வரலன்னா சனிக்கிழம நீ இன்னா வேணா பண்ணிக்கோ. அதுவரைக்கும் நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன், இன்னா இப்போ.