நீலத் தாள்

காப்பி நன்றாக இருக்கிறது. கோப்பைதான் தேவைக்கு மேல் கனம். அடியில் இவ்வளவு மண் எதற்கு என்று தெரியவில்லை, பாதி இருந்தாலே சாயாமல் நிற்கும். தப்பாக நினைக்காதீர்கள் சார். எதைக் கையில் எடுத்தாலும் எனக்கு முதலில் எடைதான் தோன்றும். படகுத்துறையில் என்னைக் 'கிராம் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பேர்தான், எனக்கு அதில் வருத்தமில்லை.

மேஜைமேல் நீங்கள் வைத்திருக்கும் துண்டை உள்ளே வந்தவுடனே பார்த்துவிட்டேன். என் தம்பி ஓட்டிய படகின் மூக்கு, அதன் அடிப்பக்கம். ஏரியிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். ஓரத்தில் நீலமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதற்காகத்தான் என்னை வரச் சொன்னீர்கள். அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருப்பதாகவும், பட்டறையில் துணி வெட்டுகிற அக்காமேல் வழக்குப் போடப்போவதாகவும் சொன்னீர்கள். அந்தச் சொல்லை அடித்துவிட வேண்டும். என் பட்டறையில் அந்தத் தவறு நடக்காது.

ஏன் நடக்காது என்று சொல்கிறேன். மோட்டார் பந்தயப் படகின் உடம்பு மரமும் இல்லை, தகடும் இல்லை. நடுவில் தேன்கூடுபோல அறை அறையாக ஓர் அட்டை. அதன் இரு பக்கமும் தோல் மாதிரி மெல்லிய கார்பன் துணி. அட்டையைத் தனியாக எடுத்தால் கட்டைவிரலால் நசுக்கிவிடலாம். துணியும் தனியாக ஒன்றுக்கும் உதவாது. பசை போட்டு மூன்றையும் ஒன்றாக்கிச் சூட்டறையில் வேகவைத்து எடுத்தால், அதன்மேல் நாலு பேர் ஏறிக் குதிக்கலாம். அதையே ஓர் ஆள் ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டும் போகலாம். அந்தப் பசை தாளாகவே வரும், அதற்கு மேல் ஒரு நீலத் தாள் ஒட்டியிருக்கும். நீலத்தை உரித்துவிட்டுத்தான் அட்டையை வைக்க வேண்டும். மறந்துவிட்டால் அந்த இடத்தில் பசை நீலத் தாளைப் பிடித்துக்கொள்ளும், அட்டையைப் பிடிக்காது. வெளியிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு இது.

அதனால் நானே ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். உரித்த தாளைக் குப்பையில் போடக் கூடாது. ஒவ்வொரு துண்டையும், படகில் அது எங்கே இருந்ததோ அதே ஒழுங்கில், தரையில் பரப்பி வைக்க வேண்டும். வேலை முடியும்போது பக்கத்தில் இன்னொரு படகு நீலமாகப் படுத்துக் கிடக்கும். எங்காவது தரை தெரிந்தால் அந்தத் துண்டு உள்ளே மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். அக்காதான் கடைசியாக ஒரு சுற்று வந்து பார்ப்பார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அன்றும் சுற்றி வந்து பார்த்தார். "எல்லாம் இருக்கு அண்ணே, மூடிரலாம்" என்றார். எல்லாம் இருக்கத்தான் செய்தது. மூக்குப் பக்கத்துத் துண்டை மட்டும் நான் வேறொரு சுருளிலிருந்து அதே அளவுக்கு வெட்டி வைத்திருந்தேன். உரித்த தாள் மாதிரி இருக்க வேண்டுமே என்று லேசாகப் பசையும் தடவியிருந்தேன். அக்காவின் வேலையில் ஒரு குறையும் கிடையாது. இப்போது எழுதிக்கொள்ளுங்கள்.

தம்பியை நான்தான் வளர்த்தேன். அப்பா, அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்தில் விட்டது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாம் நான். கல்யாணம் செய்துகொள்ள எனக்கு ஒழியவில்லை, அதைப் பெரிதாகச் சொல்ல வரவில்லை. அவனுக்குப் படகு ஓட்டப் பிடித்தது, நான் படகு கட்டக் கற்றுக்கொண்டேன். கட்டிய ஒவ்வொன்றும் அவன் தோள் அகலத்துக்கும் அவன் கால் நீளத்துக்கும் கட்டியது. வேறு யாராவது உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். பந்தயத்துக்கு முன்னால் அவன் பாக்கெட்டில் சாவிக்கொத்து இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பேன்.

"அண்ணே, நகம் வெட்டிட்டேன். மொட்டையும் அடிச்சிரவா?" என்று கேட்பான். பட்டறையே சிரிக்கும்.

பழைய படகின் அடிப்பாகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவன் அதைச் சொன்னான். முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"இந்தப் பந்தயம் ஜெயிச்சா ஒரு கம்பெனில எடுத்துக்கறாங்கண்ணே. அவங்க படகு, அவங்க ஊரு. குடும்பத்தோட வரச் சொல்றாங்க."

"நான்?"

"நீ எதுக்கு அலையணும்? இங்க உனக்கு வேலைக்கா பஞ்சம்? நான் அடிக்கடி வந்துட்டுப் போறேன்."

நல்லதுதானே என்றேன். மறுபடி தேய்க்க ஆரம்பித்தேன். எனக்குப் பயமாக இருந்தது. கோபம் இல்லை, பயம்தான். அவன் போன பிறகு பட்டறைக் கதவைத் திறந்து உள்ளே வருவதை நினைத்துப் பார்த்தேன், யாருடைய தோளுக்கு அளவெடுப்பது என்று தெரியவில்லை. அதற்கப்புறம் அந்தப் பயமும் போய்விட்டது. ஜெயித்தால் போவான், தோற்றால் இருப்பான் என்று புரிந்த பிறகு பயப்பட என்ன இருக்கிறது?

படகு தோற்கத்தானே வேண்டும், பின்பக்கம் வைத்திருக்கலாமே என்கிறீர்கள். நல்ல கேள்வி, தொழில் தெரிந்தவர் கேட்கிற கேள்வி. பின்பக்கம் வைத்திருந்தால் சோதனை ஓட்டத்திலேயே தண்ணீர் கசிந்திருக்கும், ஒரே நாளில் ஒட்டுப் போட்டிருப்பார்கள். மூக்கின் அடிப்பக்கம் அப்படியில்லை. மெதுவாகப் போனால் அது தண்ணீரைத் தொடவே தொடாது. முழு வேகத்தில் அலைமேல் அறையும்போதுதான் தோல் கொஞ்சம் கொஞ்சமாக உரியும். உரிந்தது தெரிய வரும்போது வேகத்தைக் குறைக்க நேரம் இருக்காது. மூக்கு தண்ணீரில் குத்தினால் அந்த வேகத்தில் படகு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியுமா என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. தெரியும் சார். தெரியாமல் படகு கட்ட முடியாது.

அவனுக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். புதுப் படகைத் தண்ணீரில் இறக்கும் முன்னால் ஒரு நாணயத்தால் உடம்பு முழுக்கத் தட்டிப் பார்ப்பான். நன்றாகப் பிடித்த இடம் கணீரென்று இருக்கும், பிடிக்காத இடம் அமுங்கிக் கேட்கும். சின்ன வயதில் நான் சொல்லிக்கொடுத்ததுதான். வால் பக்கம் ஆரம்பித்துத் தட்டிக்கொண்டே வந்தான். மூக்கில் நின்றான். மறுபடி தட்டினான்.

"அண்ணே, இங்க சத்தம் அமுங்குதே."

"உள்ள ஒரு மரக்கட்டை வெச்சிருக்கேன்டா. வேகம் பாக்கற குழாய் அங்கதான் மாட்டணும்."

"கட்டையா? நீயா? எத்தனை கிராம்?" என்று சிரித்தான். நாணயத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். வேறு யார் சொல்லியிருந்தாலும் பிரித்துக் காட்டச் சொல்லியிருப்பான்.

பந்தயத்தன்று கரையில் நின்று பார்த்தேன். அவன்தான் முன்னால் போனான், மற்றவர்கள் வெகு பின்னால். அப்படி ஒரு படகு இனி நான் கட்டப் போவதில்லை. கடைசி வளைவு தாண்டியதும் மூக்கு ஒரு தடவை குத்தி எழுந்தது. அடுத்த தடவை எழவில்லை. வால் மேலே வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் கத்தினார்கள், அவன் மனைவி என் கையைப் பிடித்து உலுக்கினாள். நான் தோளில் கிடந்த எண்ணெய்த் துணியை எடுத்து மடித்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

இப்போது அவன் என் வீட்டில்தான் இருக்கிறான். கழுத்துக்குக் கீழே அசைவில்லை, வலது கை மட்டும் விரலளவுக்கு வருகிறது. பேச்சு இல்லை. ஆனால் எல்லாம் புரிகிறது என்கிறார் டாக்டர். கட்டிலுக்குக் குறுக்கே வைக்க நானே ஒரு பலகை செய்து கொடுத்தேன், அதே தேன்கூட்டு அட்டை, அதே துணி. ஒரு விரலால் தூக்கலாம். வந்த புதிதில் அதை விரல் நகத்தால் தட்டிக்கொண்டே இருப்பான். ஓர் இடத்தில் நிறுத்துவான். அங்கேயே திரும்பத் திரும்பத் தட்டுவான், என்னையே பார்த்துக்கொண்டு. நானும் குனிந்து காதை வைத்துக் கேட்டேன், சத்தம் சுத்தமாகத்தான் இருக்கிறது. "எல்லா இடத்துலயும் நல்லா பிடிச்சிருக்குடா" என்றேன். மறுபடியும் அங்கேயேதான் தட்டினான். பழைய பழக்கம், எங்கே போகும்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். போட்டதும் என்னை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவீர்கள் அல்லவா? அவனைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அவன் மனைவி அவனைத் தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அவளுக்கு அவனைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது. அவள் வந்தால் இமை கொட்டாமல் விழித்துக்கொண்டு கிடக்கிறான், பிள்ளை வந்தாலும் அப்படித்தான். இப்போதெல்லாம் நான் அறைக்குள் கால் வைத்த உடனே கண்ணை இறுக்க மூடிக்கொள்வான், நான் வெளியே போகும்வரை திறக்கவே மாட்டான். என் பக்கத்தில்தான் அவனுக்கு அவ்வளவு நிம்மதி.