விழாத சுவருக்கு வந்த உத்தரவு

மயிலாப்பூரிலிருந்து ராயப்பேட்டைக்குப் போகும் டிராமில், எனக்கு முன் பெஞ்சில் இரண்டு உபாத்தியாயினிகள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"சுவரு விழறதுக்கு முன்னாடியே, விழுந்துடுச்சுன்னு சர்க்கார் உத்தரவு வந்துச்சு மேரி."

இளையவர் சிரித்துவிட்டார். "அது எப்படிக்கா?"

"விரிசல் விட்டிருக்குன்னு எழுதித்தான் கட்டட கிராண்டுப் பணம் கேட்டேன். இடிஞ்ச பள்ளிக்கூடத்துக்குத்தான் முதல்ல குடுப்போம்னு மூணு வருஷமா தள்ளினாங்க. போன திங்கக்கிழமை, இடிந்து விழுந்த சுவர்களைக் கட்டப் பணம் ஒதுக்கியாச்சுன்னு காகிதம் வருது. சுவரு அது பாட்டுக்கு நின்னுக்கினு இருக்கு!"

"என்ன பண்ணீங்க?"

"மனசு கேக்கல. பிள்ளைங்களக் கூட்டிப்போய் மரத்தடியில உக்கார வெச்சேன். புதன்கிழமை மத்தியானம், மழையும் இல்ல, காத்தும் இல்ல, வகுப்புச் சுவரு அப்படியே சாஞ்சுது."

"மாதாவே! பிள்ளைங்க?"

"ஒருத்திக்கும் கீறல்கூட இல்ல."

"அப்புறம் என்னக்கா கவலை? பணமும்தான் வந்தாச்சே."

மூத்தவர் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார்.

"உத்தரவுல ரெண்டு சுவருன்னு போட்டிருக்கு. இன்னொண்ணு அங்கயே நான் தங்கியிருக்கிற அறையோடது. இன்னிக்கு உங்க வீட்டுல படுத்துக்கட்டுமா?"